பட்டுத்துணியில் உறுமிய மெஷின்

நான் சொன்னால் தப்பாகத்தான் சொல்வேன், கண்ணு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள். ரிப்பேர் கடை ரோஸ்லின் எனக்கு நான்கு தடவை விளக்கிச் சொன்னாள். நான்கு தடவையும் நன்றாகப் புரிந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தால் நான்கும் நான்கு விதமாக இருந்தது. நான் எதையாவது மாற்றிச் சொல்லி, நீ போய் உன் மெஷினில் கை வைத்து, அது கெட்டுப்போய், பஸ்ஸில் ஒரு பொம்பளை சொன்னாள் என்று என்னைத் திட்டக் கூடாது. ஆனால் உன் மடியில் இந்த லேப்டாப் போடுகிற இரைச்சலைக் கேட்டுக்கொண்டு கோமங்கலம் வரைக்கும் வாயை மூடிக்கொண்டு வர என்னால் முடியாது. சுடவில்லையா உனக்கு? அந்தத் துண்டை அடியில் வைக்காதே. துணியே ஆகாது. எங்கள் வீட்டில் எல்லாமே துணியால் வந்ததுதான்.

எங்கள் வீட்டுக்காரர் ஜோசியர். உடுமலையில் தெய்வசிகாமணி என்று கேட்டுப் பார், ஆட்டோக்காரர்கள் சொல்வார்கள். முன்பெல்லாம் பஞ்சாங்கமும் பென்சிலும்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் லேப்டாப் வாங்கினார். பெண் ஜாதகம், பையன் ஜாதகம் இரண்டையும் அதில் போட்டால் பொருத்தம் பார்த்து நாற்பது பக்கம் தயார் பண்ணிவிடும். உள்ளே ஒன்பது கிரகமும் இருக்கிறதே, அதை வெறும் மேஜையில் வைக்கலாமா? மணைப்பலகை போட்டு, என் கல்யாணப் பட்டில் ஒரு பாகத்தை வெட்டி நாலாக மடித்து, அதன் மேல் வைத்தேன். காலையில் விபூதி, சந்தனம், குங்குமம். வெள்ளிக்கிழமையானால் ரெண்டு முழம் பூ. ஒரு நாள் தவறியதில்லை.

ரெண்டு வருஷம் சும்மா இருந்தது. அப்புறம் சூடாக ஆரம்பித்தது. சூடு ஏறினால் உள்ளே இருக்கிற குட்டி ஃபேன் சுற்றும். சுற்றினால் சத்தம். லேசான சத்தமா? கிரைண்டரில் மாவு கெட்டியாகி நிற்கும்போது ஒரு முக்கல் வருமே, அந்த மாதிரி. சும்மா ராசிபலன் பார்க்கும்போது வராது. பொருத்தம் போடும்போதுதான் வரும். அதுவும் எல்லாப் பொருத்தத்துக்கும் வராது. காலையில் முதல் ஆளுக்கு வராது, மூன்றாவது ஆளுக்கு வரும். மார்கழியில் வராது, சித்திரையில் வரும்.

அதற்கு யார் பொறுப்பு, சொல்லு. தாராபுரத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் பொருத்தம் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது உறுமிற்று. பையனின் தாய்மாமன் எழுந்து நின்று, "மெசினே வேண்டாங்குதுங்க," என்றார். அவ்வளவுதான். எங்கள் வீட்டுக்காரர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மேலே கூரை ஓட்டைப் பார்த்தார்.

அவர் அப்படித்தான். அவருக்கு வேண்டாம் என்ற வார்த்தை வாயில் வராது. டீக்கடையில் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் இருபது வருஷம் இனிப்பாகவே குடித்துச் சர்க்கரை வியாதி வந்தவர். நட்சத்திரம் சேராத ஜாதகம் வந்தால் முன்பெல்லாம் ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டார், காலையில் எப்படிச் சொல்வது என்று. இப்போது அது உறுமும், இவர் ஓட்டைப் பார்ப்பார், வந்தவர்கள் தாங்களாகவே செருப்பைத் தேடுவார்கள். பேர் பரவிவிட்டது. பழனியிலிருந்தெல்லாம் வந்தார்கள். உறுமினால் வேண்டாம், உறுமாவிட்டால் முகூர்த்தத்துக்கு நாள் குறி. நான் யாரையும் ஏமாற்றவில்லை, கண்ணு. சத்தம் கேட்டது அவர்கள் காதுக்கு. அர்த்தம் சொல்லிக்கொண்டதும் அவர்கள்தான். நான் காபி மட்டும் கொடுத்தேன்.

எனக்குப் பயம் வந்தது வேறு விஷயத்தில்.

எனக்கு ஒரே மகள், சிந்துஜா. பொள்ளாச்சியில் ரத்தப் பரிசோதனை லேபில் இருக்கிறாள். போன தையில் ஒரு நாள் நான் பாத்திரம் விளக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றாள். அவள் தானாகப் பாத்திரம் விளக்க வந்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். நவநீதன் என்று ஒரு பையன், கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை, ரெண்டு வருஷமாகப் பழக்கம். நம் பக்கத்துக் குடும்பம்தான். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், வரன் வந்த மாதிரியே வரட்டும் என்றாள். அதில் எனக்குச் சங்கடம் இல்லை. அவள் போனிலேயே ஜாதகத்தைப் போட்டுக் காட்டினாள், பத்துக்கு எட்டுப் பொருத்தம். கிரகங்களுக்கும் சங்கடம் இல்லை.

சங்கடம் பையனின் அம்மாவிடம். மரகதம் என்று பேர். அந்த அம்மா எங்கள் மெஷினின் பெரிய பக்தை. மூத்த மகனுக்கு வந்த ரெண்டு வரனை அது உறுமியதற்காகவே தட்டிவிட்டவர். சின்னவனுக்கு எங்கள் பெண் என்றதும், "சம்பந்தி வூட்டு மெசின்னு பார்க்கக் கூடாதுங்க, அதுலயே போட்டுப் பார்த்துருவோம், அது பொய் சொல்லாது," என்றாராம்.

அது எத்தனை உண்மையைச் சொல்லும் என்று எனக்குத்தானே தெரியும். அவர்கள் வருவதாகச் சொன்னது சித்திரை மாசம். முற்பகல் பதினொரு மணி. என் மகள் கல்யாணம் ஒரு கட்டைவிரல் அளவு ஃபேனில் நிற்கிறது.

எங்கள் வீட்டுக்காரர் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்த அன்று லேப்டாப்பை ஒரு துவாலையில் சுற்றி, காய்கறிப் பையில் போட்டு, மேலே ரெண்டு முருங்கைக்காயை வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ரோஸ்லின் கடைக்குப் போனேன். ரிப்பேர் கடை. அவள் புருஷன் முன்னால் உட்கார்ந்து பில் போடுவான், வேலை பார்ப்பது எல்லாம் அவள்தான். அடிப்பக்கத்தைக் கழற்றினாள். அப்புறம் புருஷனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"அக்கா, இது லேப்டாப்பா, கோயில் உண்டியலா?"

உள்ளே விபூதி. குங்குமம். காய்ந்த மல்லிகைப் பூ ஒன்று முழுசாக இருந்தது. எல்லாவற்றையும் ஊதித் துடைத்தாள். காற்றுப் போகிற வழியெல்லாம் அடியில்தான் இருக்கிறதாம், நான் அதைப் பட்டுத்துணியால் அடைத்து வைத்திருக்கிறேனாம். இனி வெறும் பலகையில் வையுங்கள் என்றாள். அதெப்படி முடியும்? ஆறு வருஷமாகப் பட்டில் உட்கார்ந்ததை ஒரு நாள் திடீரென்று கீழே இறக்கினால் அவர் கேட்க மாட்டாரா? வருகிறவர்கள் கேட்க மாட்டார்களா? துணியை எடுக்காமல் சத்தத்தை மட்டும் நிறுத்தித் தா என்றேன்.

அவள் நெற்றியைத் தேய்த்தாள். அப்புறம் ஒரு வழி சொன்னாள். இனிமேல் வருவதுதான் நான் தப்பாகச் சொல்லப்போகிற இடம், கவனமாகக் கேள்.

மெஷினுக்கு ஒரு மூளை இருக்கிறது. அதற்குக் கரண்ட் ஒரு அழுத்தத்தில் போகிறது. அந்த அழுத்தத்தைத் துளித் துளியாகக் குறைத்தால் சூடு குறையும், சூடு குறைந்தால் ஃபேன் சுற்ற வேண்டியதில்லை. புரிந்துவிட்டது, அடுப்பைச் சிம்மில் வைக்கிற மாதிரி என்றேன். அப்படியானால் சாதம் வேக நேரமாகுமே என்றும் கேட்டேன். அவளுக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது.

"அதான் இல்லக்கா. வேகம் குறையாது. கம்பெனிக்காரன் ஆயிரம் மெஷின் செய்யறான். எது பலமானது, எது நோஞ்சான்னு ஒண்ணொண்ணா பார்க்க முடியுமா? பயந்துக்கிட்டு எல்லாத்துக்கும் கொஞ்சம் கூடவே குடுத்து அனுப்பிடறான். உங்களுது அந்தக் கூடுதல் இல்லாமலே நல்லா ஓடும்."

எனக்கு அந்தக் கம்பெனிக்காரன் மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. நானும் அப்படித்தான். நாலு பேருக்கு ஏழு பேர் சோறு வடிப்பேன். சிந்துஜா ஒரு நாள் ஊருக்குப் போனால் மூன்று துண்டு வைத்து அனுப்புவேன்.

அவள் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே செய்தாள். திரையில் ஒரு கோடு, அதில் ஒரு பொட்டு. பொட்டை நகர்த்தினால் எண் மாறும், எத்தனை புள்ளி குறைத்தோம் என்று அந்த எண் காட்டும். பத்துப் பத்தாகக் குறைத்தாள். குறைத்துவிட்டு மெஷினுக்கு ஒரு கடுமையான வேலை கொடுத்துப் பார்ப்பாள். ஐம்பதில் ஓடிற்று. எண்பதில் ஓடிற்று. நூற்றிருபதுக்குப் போனதும் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. மறுபடி ஏற்றி எண்பதுக்குக் கொண்டுவந்து, ரெண்டு மணி நேரம் ஓடவிட்டாள். டீ வாங்கிக் கொடுத்தாள். ஃபேன் சத்தம் எங்கே என்று காதை வைத்துத் தேடினேன், இல்லை.

எண்பதைத் தாண்டாதீங்கக்கா, தாண்டினா எப்ப நிக்கும்னு சொல்ல முடியாது என்று கிளம்பும்போது இன்னொரு தடவையும் சொன்னாள். அவள் மேல் ஒரு குற்றமும் சொல்ல மாட்டேன்.

வீட்டில் என்ன நடந்தது என்று கேள். மறுநாள் ஒரு அரிசி மில்காரர் வந்தார். பொருத்தம் போட்டார்கள். எங்கள் வீட்டுக்காரர் பழக்கத்தில் ஓட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். சத்தம் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். மில்காரர் சிரித்துக்கொண்டே போனார். மறுநாளும் சத்தம் இல்லை. மூன்று வாரம் யாருக்கும் உறுமவில்லை. உடுமலை வட்டாரத்தில் அந்த மூன்று வாரம் கல்யாணம் நிச்சயமாகாத வீடு கிடையாது.

இவருக்குத்தான் கஷ்டம். ஒரு ஜாதகம் சுத்தமாகச் சேரவில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தன் வாயால், கொஞ்சம் யோசிச்சுச் செய்யலாமுங்க என்று சொல்லிப் பார்த்தார். அந்த ஆள் சண்டைக்கு வந்துவிட்டார். மெஷினே ஒன்றும் சொல்லவில்லை, நடுவில் நீங்கள் யார் என்று கேட்டார். இவர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மகள் கல்யாணம் முடியட்டும் என்று இருந்துவிட்டேன்.

அந்த நாள் வந்தது. விடியும்போதே வெயில். ஏழு மணிக்கே தரை சுட்டது. அவர் குளிக்கப் போனார். நான் மெஷினைத் துடைக்கப் போனேன். துடைக்கும்போது நினைத்தேன், எண்பது என்பது சாதாரண நாளைக்கு. ரோஸ்லினுக்கு இன்றைக்கு வெயில் இப்படி இருக்கும் என்று தெரியுமா? வந்து உட்காரப்போவது மரகதம் என்று தெரியுமா? நூற்றிருபதில் நின்றது என்பது ஞாபகம் இருந்தது. அதனால் நூற்றிருபதுக்குப் போகவில்லை. நூற்றுப்பதினைந்தில் வைத்தேன். பத்து நிமிஷம் பார்த்தேன், நன்றாக ஓடிற்று. நிம்மதியாகக் கேசரி கிளறப் போனேன்.

மரகதமும் அவர் அண்ணனும் வந்தார்கள். அண்ணன் காது கொஞ்சம் மந்தம் என்பதால் மெஷினுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் ஒரே விரலால் ரெண்டு ஜாதகத்தையும் போட்டார். பொத்தானை அழுத்தினார். சிந்துஜா சமையலறைக் கதவுக்குப் பின்னால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிஷம். சத்தம் இல்லை. மரகதம் குனிந்து கேட்டார். முகம் மலர்ந்தது. எட்டுப் பொருத்தம் என்று வந்தது. நாற்பது பக்கம் தயாராக ஆரம்பித்தது.

அப்போது திரை நீலமாகிவிட்டது.

முழு நீலம். ஜாதகம் இல்லை, கட்டம் இல்லை, ஒன்றும் இல்லை. மேலே வெள்ளையில் ஒரு சின்ன முகம், வாய் கீழே வளைந்து அழுகிற மாதிரி. மற்றவர்களுக்கு அது என்னவென்று தெரியாது. எனக்குத் தெரியும், அது என் முப்பத்தைந்து புள்ளி.

மரகதம் மெதுவாகக் கேட்டார். "நீலம் யாருக்குங்க?"

ஜோசியரிடம் போய் அதைக் கேட்டால் அவர் என்ன சொல்வார்? பொய் சொல்லவும் வராது. "சனி பகவானுக்குங்க," என்றார். சொல்லிவிட்டு ஓட்டைப் பார்த்தார்.

அந்த அண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். செருப்பைத் தேடப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் முந்தானையை யாரோ கிழிக்கிற மாதிரி இழுத்தார்கள். இருபத்தொன்பது வருஷத்தில் ஜாதகம் பார்க்கிற இடத்தில் நான் வாய் திறந்ததில்லை, கண்ணு. காபி டம்ளரோடு வந்து நடுவில் நின்றேன்.

"மாப்பிள்ளைக்கு மகர ராசிங்களா?"

ஆமாம் என்றார் மரகதம்.

"மகரத்துக்கு அதிபதியே சனி பகவான்தானுங்களே. அது அவரோட சொந்த வூடு. வூட்டுல ஒரு நல்ல காரியம்னா வூட்டுக்காரர் வந்து எட்டிப் பார்க்க மாட்டாருங்களா?"

எங்கள் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. "அது சரிதான்," என்றார். பிறகு, "சொந்த வூட்டுக்காரர் வந்துருக்கார்," என்று தானாகவே ஒன்று சேர்த்தார். சாஸ்திரப்படி தப்பில்லையாம், அப்புறம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அந்த அண்ணன் விடவில்லை. திரையைக் காட்டி, வந்தவர் முகம் ஏன் இப்படி வாடிக் கிடக்கிறது என்று கேட்டார்.

"சனி பகவான் எந்தக் கோயில்லங்க சிரிச்சுக்கிட்டு நிக்கறாரு?" என்றேன்.

மரகதம் எழுந்து ரெண்டு கையாலும் மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கேசரி சாப்பிட்டார்கள். ஆவணியில் கல்யாணம் முடிந்தது. ரெண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள்.

நான் அன்று மத்தியானமே பொட்டை எண்பதுக்கு ஏற்றிவிட்டேன். இனி எல்லாம் சரி என்று நினைத்தேன். சரியாக விட்டால்தானே. மரகதம் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை சனிக்கிழமை ஆட்கள் வர ஆரம்பித்தார்கள், நீலத்தில் ஒரு தரிசனம் வேண்டுமென்று. ஒருத்தர் மெஷினுக்கு முன்னால் எள்ளு விளக்கு ஏற்றிவிட்டார், பட்டுத்துணியின் ஓரம் கருகிப்போயிற்று. நீலம் வராத நாளில், நாங்க என்ன பாவம் பண்ணினோம் என்று அழுதார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. குறிச்சிக்கோட்டையிலிருந்து சபிதா என்று ஒரு டீச்சர் பெண் வந்ததுதான் என்னை உலுக்கிவிட்டது. தனியாக, பின்வாசல் வழியாக வந்தாள். அவளை அவள் மாமனுக்கே கொடுப்பதென்று முடிவு செய்திருக்கிறார்கள். பதினாலு வயசு பெரியவர். மறுவாரம் எங்கள் வீட்டுக்குப் பொருத்தம் பார்க்க வருகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் இல்லை, அவள் அப்பாவுக்கும் இல்லை, மச்சினன் முகத்தில் எப்படி விழிப்பது என்று அவரும் தவிக்கிறார். "உங்க மெசின் உறுமும்னு நம்பிக்கிட்டிருந்தனுங்கக்கா. இப்ப உறுமறதே இல்லையாமா," என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

மறுபடி முருங்கைக்காய்ப் பையோடு ரோஸ்லினிடம் போனேன். பழைய கரண்டும் வேண்டும், எண்பதும் வேண்டும், நினைத்தபோது மாற்றிக்கொள்கிற மாதிரி வேண்டும் என்றேன். சத்தமும் சூடும் எதற்குத் திரும்ப என்று கேட்டாள். மார்கழியில் அவருக்குக் கை விறைக்கிறது, மெஷின் சூடாக இருந்தால் இதமாக இருக்கும் என்றேன். நம்பாமல் சிரித்தாள். அப்புறம் ரெண்டு படம் வைத்துக் கொடுத்தாள். எனக்குப் படித்துப் பார்க்கச் சிரமமாக இருக்கக் கூடாது என்று சிங்கம் ஒன்று, பசு ஒன்று. சிங்கத்தைத் தொட்டால் கம்பெனிக்காரன் கொடுத்தபடி முழுக் கரண்ட், பட்டுத்துணி மேல் பத்து நிமிஷத்தில் உறுமிவிடும். பசுவைத் தொட்டால் எண்பது. அந்தக் கோட்டையும் பொட்டையும் மறைத்துப் பூட்டு போட்டுவிட்டாள். சாவி வார்த்தையை எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் கை எனக்குத் தெரியும்.

சபிதா வந்த அன்றைக்கு அது உறுமியது பாரு, தெருவில் போன நாய் நின்று பார்த்தது. அவள் மாமன்காரர் முதல் ஆளாகக் கிளம்பினார். எங்கள் வீட்டுக்காரர் ஓட்டைப் பார்த்தார். அன்று ராத்திரி நன்றாகச் சாப்பிட்டார்.

அவருக்கு இது எதுவும் தெரியாது, பாவம். வயசாகிறது, மறதி வேறு வந்துவிட்டது. முன்பெல்லாம் யார் வருகிறார்கள் என்று மனசிலேயே வைத்திருப்பார். இப்போது முதல் நாளே காலண்டரில் எழுதிவைக்கிறார். பெண் பேர், ஊர், எங்கே வேலை பார்க்கிறாள், எத்தனை மணி வரை அங்கே இருப்பாள் என்பது வரைக்கும் எழுதுகிறார். ஜாதகம் பார்க்க அதெல்லாம் எதற்கு என்று நான் கேட்பதில்லை. அதை எனக்குக் கேட்கிற மாதிரி ஒரு தடவை வாய்விட்டுப் படித்துவிட்டு வேறு குளிக்கப் போகிறார். குளியலும் இப்போதெல்லாம் ஒரு மணி நேரம்.

எனக்குத்தான் பயம் விடவில்லை. சிங்கத்தைத் தொட வேண்டியதற்குப் பசுவைத் தொட்டுவிட்டால்? எட்டுப் பொருத்தம் இருக்கிறதே என்று நானே ஒன்றை நினைத்துக்கொண்டு, ஜாதகத்துக்குச் சொந்தக்காரப் பெண் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தால்? நம்மாக ஒரு கணக்குப் போட்டு வைத்தால் நூற்றுப்பதினைந்து ஆன கதைதான். அதனால் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். நானாக எதையும் தொடுவதில்லை.

டிரைவர் அண்ணா, கோமங்கலம் இறங்கணுங்க. கொஞ்சம் காலை நகர்த்திக்கோ கண்ணு. இங்கே பால் சொசைட்டியில் ஒரு பெண் வேலை பார்க்கிறாள், மூன்று மணி வரை இருப்பாளாம். நாளைக்குக் காலையில் அவள் ஜாதகத்தோடு எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். சிங்கமா பசுவா என்று அவளையே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.